வெட்டுக்கிளி முட்டை எப்போது பொரியும்? கரூ நிலத்தில் ஒரு முன்னறிவிப்புக் கருவியின் மதிப்புரை

மண்ணுக்குள் கிடக்கும் வெட்டுக்கிளி முட்டைகள் குளிர்காலம் கழிந்து எந்த வாரத்தில் பொரியும் என்று முன்கூட்டியே சொல்வதாக விற்கப்படும் ஒரு கருவியையும், அதனோடு வரும் கைபேசிச் செயலியையும், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் மிடில்பர்க் நகரை அடுத்த ஓர் ஆட்டுப்பண்ணையில் ஒரு குளிர்காலம் முழுவதும் வைத்துப் பார்த்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. மண்ணின் வெப்பத்தை அளக்கும் கருவியாக இது நன்றாகவே இருக்கிறது. பொரிக்கும் நாளைக் கணித்துச் சொல்லும் சேவையாக, நாங்கள் வாழும் கரூ நிலத்துக்கு இது போதவில்லை. விற்ற நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே அமைப்புள்ள கருவிகள் வேறு பெயர்களிலும் விற்பனைக்கு உள்ளன, நான் சொல்லப்போகும் குறைகளுள் பெரும்பாலானவை அவை எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடியவை.

டர்பன் பக்கத்துத் தமிழ் வாசகர்களுக்குக் கரூ அவ்வளவு பழக்கப்பட்ட பகுதி அன்று என்பதால் பின்னணியைச் சிறிது சொல்ல வேண்டும். நாட்டின் உட்பகுதியில், குட்டைச் செடிகளும் வெற்றுத் தரையுமாக விரிந்து கிடக்கும் வறண்ட மேய்ச்சல் நிலம் அது. லோகஸ்டானா பர்டலினா என்று அறிவியலில் வழங்கும் பழுப்பு வெட்டுக்கிளிக்கு அதுவே தாயகம். பல ஆண்டுகள் வறட்சி நீடித்து, அதன்பின் நல்ல மழை பெய்யும்போது இப்பூச்சி பெருங்கூட்டமாகப் பெருகும். 2021-22 பருவத்தில் கிழக்கு, வடக்கு, மேற்குக் கேப் மாகாணங்கள் மூன்றிலும் நடந்தது அதுதான். சிறகு முளைத்துப் பறக்கத் தொடங்கிவிட்ட கூட்டத்தைத் துரத்துவது ஆளையும் மருந்தையும் விழுங்கும் வேலை. சிறகு முளைக்காத குஞ்சுகளாக, இங்குள்ள ஆப்ரிகான்ஸ் விவசாயிகள் ‘ஃபுட்ஹாங்கர்’ என்று சொல்லும் நடைக்கூட்டமாக இருக்கும்போதே, அவை மாலையில் செடிகளில் ஏறி அடையும் நேரத்திலும் விடியற்காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பும் மருந்தடித்தால் செலவும் குறையும், மருந்து விழும் பரப்பும் குறையும். ஐந்து முறை தோலுரித்துச் சிறகு பெறுவதற்குள் நமக்குக் கிடைப்பது சில வாரங்களே. ஆகவே பொரிப்பு எப்போது என்பது கரூவில் வெறும் ஆர்வக் கேள்வி அன்று. ஆளை எப்போது வரச்சொல்வது, ஆட்டை எந்த மேய்ச்சல் அடைப்பிலிருந்து எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அந்த விடையைப் பொறுத்தவை.

இனி கருவிக்கு வருகிறேன். பெட்டியில் வந்தவை: வெள்ளை நிற நெகிழிக் கூட்டுக்குள் ஒரு பதிவுச்சாதனம், அதன் தலையில் உள்ளங்கை அளவு சோலார் தகடு, துருப்பிடிக்காத எஃகு முனையுள்ள இரண்டு வெப்ப உணரிகள், அவற்றுக்கு மூன்று மீட்டர் கம்பி, ஒரு சிம் அட்டை. விலை சில ஆயிரம் ரேண்ட். ஆண்டுச் சந்தா தனி. தரத்தில் குறைசொல்ல அதிகம் இல்லை. பனிக்கட்டிகள் உருகிக்கொண்டிருக்கும் நீரில் முனைகளை முக்கிப் பார்த்தபோது இரண்டும் பூஜ்யத்தை மிக நெருங்கியே காட்டின. இந்தச் சோதனையை வாங்கிய அன்றே வீட்டில் எவரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஜூலை மாத இரவுகளில் தரை உறைந்தபோதும் பதிவு ஒருமுறைகூட அறுபடவில்லை. கம்பிதான் பலவீனமான பகுதி. ஆடு கடிக்கும், தரை அணில் தோண்டும், மேய்ச்சல் நிலத்தில் எதுவும் நேரும். கம்பியை இரும்புக் குழாய்க்குள் விட்டுப் புதைக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

செயலியின் கணக்கு, பூச்சியியலில் பல காலமாக வழங்கிவரும் டிகிரி நாள் கணக்குதான். முட்டைக்குள் இருக்கும் கரு ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே வளர்வதில்லை. அந்த அடிமட்டத்துக்கு மேல் மண் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் இருந்தது என்பதை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு தொகையை எட்டும்போது முட்டை பொரியும். சீனாவின் சமவெளிகளில் பயிரை அழிக்கும் கிழக்கத்திய புலம்பெயர் வெட்டுக்கிளிக்கு அந்நாட்டு நூல்கள் தரும் எண்கள் புகழ்பெற்றவை: முட்டைக்கு அடிமட்டம் 15 டிகிரி செல்சியஸ், மொத்தத் தேவை 210 டிகிரி நாள். அதாவது மண் இடைவிடாமல் 25 டிகிரியில் இருந்தால் 21 நாள், 30 டிகிரியில் இருந்தால் 14 நாள்.

இந்தக் கூட்டலை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் பெரிய வேறுபாடு விளைகிறது. இக்கருவியை நான் மனமாரப் பாராட்டுவதும் இந்த இடத்தில்தான். பழைய முறையில் அன்றைய உச்ச வெப்பத்தையும் தாழ் வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அடிமட்டத்தைக் கழிப்பார்கள். வசந்தத்தின் தொடக்கத்தில், முட்டை கிடக்கும் ஆழத்தில் கரூ மண் பகலில் 24 டிகிரிக்கு ஏறி, இரவில் 4 டிகிரிக்கு இறங்குவதாகக் கொள்வோம். சராசரி 14. அடிமட்டம் 15 என்பதால் அன்றைய வரவு பூஜ்யம் என்று பழைய கணக்கு சொல்லும். ஆனால் அன்று ஏறத்தாழ பதினொரு மணி நேரம் மண் 15 டிகிரிக்கு மேலேயே இருந்திருக்கிறது. கரு வளர்ந்தும் இருக்கிறது. வெப்பம் அலைபோல ஏறி இறங்குவதாக எடுத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கூட்டினால் அன்றைய வரவு 2.7 டிகிரி நாள். இப்படி 20 நாள் கடந்தால் 54. மொத்தத் தேவையில் கால் பங்கை, இல்லவே இல்லை என்று பழைய கணக்கு ஒதுக்கிவிடுகிறது. இரவு பகல் வெப்ப வேறுபாடு மிகுந்த எங்கள் பகுதிக்கு இது சிறிய பிழை அன்று. இந்தச் செயலி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, ஒவ்வோர் அளவையும் தனியாக அடிமட்டத்தோடு ஒப்பிட்டுக் கூட்டுகிறது. வானிலை நிலையத்தின் காற்று வெப்பத்தை வைத்துக் கணிக்கும் இலவசச் சேவைகளில் இந்த நுட்பத்தை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் அதே நுட்பம் உணரியைப் புதைக்கும் ஆழத்தில் வீணாகிறது. கையேடு 10 செ.மீ. ஆழத்தில் புதைக்கச் சொல்கிறது. பயிர் விதைப்புக்கு மண் வெப்பம் பார்ப்பவர்களின் வழக்கம் அது. கையேட்டை எழுதியவர் அங்கிருந்து எடுத்திருக்க வேண்டும். நான் தோண்டிப் பார்த்த இடங்களில் பழுப்பு வெட்டுக்கிளியின் முட்டைகள் அதைவிட மேலேயே, ஐந்து செ.மீ. அளவில் கிடந்தன. காய்ந்த மணற்பாங்கான மண்ணில் மேற்பரப்பு வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய பாதிதான் 5 செ.மீ. ஆழத்தை எட்டும், 10 செ.மீ. ஆழத்தில் கால் பங்கே மிஞ்சும். மேலே சொன்ன அதே நாளில் 10 செ.மீ. ஆழத்தில் வெப்பம் 19 டிகிரிக்கும் 9 டிகிரிக்கும் இடையே ஊசலாடும். சராசரி அதே 14தான். ஆனால் வரவு 2.7 அன்று, 1.1. ஆழம் ஐந்து செ.மீ. மாறியதற்கே கணக்கு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. நான் ஓர் உணரியைக் கையேடு சொன்னபடியும் மற்றதை முட்டை கிடக்கும் ஆழத்திலும் வைத்திருந்தேன். செப்டம்பர் முடிவில் இரண்டும் காட்டிய தொகைகளுக்கு இடையே இருந்த இடைவெளியைப் பார்த்தவர் எவரும் கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார்.

கையேட்டைப் பற்றிப் பேச்செடுத்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அது வட அரைக்கோளத்தில் எழுதப்பட்டது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ‘தெற்கு நோக்கிய சரிவில் மண் முதலில் சூடேறும், ஆகவே உணரியை அங்கே புதைக்கவும்’ என்கிறது. எங்கள் பக்கம் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் வடக்கு நோக்கிய சரிவே சூடேறும். தெற்குச் சரிவில் காலைப் பனி பகல் வரை கிடக்கும். இதையாவது வாசிப்பவர் தாமே திருத்திக்கொள்ளலாம். செயலியின் உள்ளமைப்போ, வெப்பக் கூட்டலை ஜனவரி முதல் தேதியிலிருந்து தொடங்குகிறது. வடக்கே அது நடுக்குளிர்காலம், எங்களுக்கு உச்சக்கோடை. மே மாதம் கருவியை இணைத்தவுடன் செயலி பக்கத்து வானிலை நிலையத்தின் பழைய பதிவுகளைத் தானாகவே இழுத்துக் கூட்டி, ‘பொரிப்பு முடிந்துவிட்டது’ என்று அறிவித்தது. தொடக்க நாளை ஜூலைக்கு மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் மூன்று திரைகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. உதவி மையத்துக்கு எழுதினேன். மரியாதையான பதில் விரைவாகவே வந்தது, செய்ய வேண்டியதையும் தெளிவாகச் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவில் விற்கும் பொருளில் இதை முன்பே மாற்றி அனுப்பக்கூடாதா என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். திருத்த முடியாத குறை ஒன்று உண்டு, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்தது. செயலியின் பூச்சிப் பட்டியலில் ‘பழுப்பு வெட்டுக்கிளி’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை நம்பியே பலரும் இங்கே வாங்குகிறார்கள். விவரப் பக்கத்தைத் திறந்தால் அடிமட்டம் 15, தேவை 210 என்று இருக்கிறது. சீனத்து வெட்டுக்கிளியின் எண்களை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எண்கள் இரவல் என்பதைவிட, கணக்கின் வகையே இங்கு பொருந்தாது என்பது பெரிய விஷயம்.

முட்டைகள் மண்ணுக்குள் சும்மா இருப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உறக்கம்: சூழல் வளர்ச்சிக்கு ஏற்றதாக இருந்தாலும் கரு தன் உள்ளேயே பூட்டுப் போட்டுக்கொண்டு வளராமல் நிற்பது; நாட்கணக்கில் காலம் கழிந்து, பல இனங்களில் குளிரும் பட்ட பிறகே அந்தப் பூட்டு திறக்கும். மற்றது காத்திருப்பு: கருவுக்குத் தடை எதுவும் இல்லை, வெளியே வெப்பமோ ஈரமோ இல்லாததால் மட்டும் நிற்பது, அது கிடைத்த உடனே வளரத் தொடங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் 1974-ல் அமைக்கப்பட்ட கொள்ளை வெட்டுக்கிளி ஆணையம் கண்காணிக்கும் முக்கிய இனத்தில், கோடை முடிவில் பகற்பொழுது குறுகுவதைத் தாய்ப்பூச்சி உணர்ந்து, உறங்கும் முட்டைகளை இடுகிறது. குளிர்காலத்தில் அந்த உறக்கம் கலைந்து, வசந்தத்தில் மண் சூடேறச் சூடேறக் கரு வளர்ந்து பொரிக்கிறது. அந்நாட்டின் தென்கிழக்கில் குளிர்கால மழையால் மண்ணில் ஈரம் பெரும்பாலும் இருக்கும். ஆகவே அங்கே வெப்பத்தை அளந்தால் நாளைக் கணித்துவிடலாம். டிகிரி நாள் கணக்குக்கு உகந்த இடம் அது. வட அமெரிக்கப் புல்வெளிகளின் வெட்டுக்கிளிகளில் சில இனங்கள், இலையுதிர் காலத்திலேயே கருவளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துக்கொண்டு உறங்கப் போகின்றன. வசந்தத்தில் அவற்றுக்குத் தேவைப்படும் வெப்பம் மிகக் குறைவு. ஒரே எண்ணை எல்லா இனத்துக்கும் போடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சான்று.

பழுப்பு வெட்டுக்கிளியோ வேறு மாதிரியானது. வெற்றுத் தரையில், காய்ந்த மண்ணிலேயே முட்டையிடக்கூடியது அது. அம்முட்டைகள் முழு வளர்ச்சி அடைய மண்ணிலிருந்து நீரை உறிஞ்சியாக வேண்டும். நீர் கிடைக்காவிட்டால் சாகாமல், ஓராண்டுக்கும் மேல்கூட மண்ணில் காத்திருக்கும். போதாக்குறைக்கு, முட்டைகளில் ஒரு பகுதி உறக்கத்திலும் இருக்கும். அந்தப் பகுதி எவ்வளவு என்பது தாய்ப்பூச்சி எப்படி வாழ்ந்தது என்பதைப் பொறுத்தது: தனித்து வாழ்ந்த பூச்சியின் முட்டைகளில் உறக்கம் மிகுதி, கூட்டமாக வாழ்ந்த பூச்சியின் முட்டைகளில் குறைவு. தென்னாப்பிரிக்கப் பூச்சியியலாளர் ஜே. சி. ஃபோரே 1932-ல் வெளியிட்ட ஆய்வின் காலத்திலிருந்தே இது அறியப்பட்ட செய்தி. ஆக, சென்ற ஆண்டு முட்டையும் இந்த ஆண்டு முட்டையும், உறங்குவதும் காத்திருப்பதும், ஒரே தரையில் கலந்து கிடக்கும். போதிய மழை, ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை, ஒரு முறை விழுந்து மண்ணில் ஊறிவிட்டால், கோடை வெப்பத்தில் சுமார் பத்து நாளில் காத்திருந்தவை அனைத்தும் ஒன்றாக வெளிவரும். வறட்சி முறிந்த ஆண்டில் குஞ்சுக் கூட்டம் திடீரென்று எங்கிருந்தோ முளைத்ததுபோல் தோன்றுவதன் காரணம் இதுவே. இங்கே நாளைத் தீர்மானிப்பது மழை. வெப்பம் அதற்கு அடுத்தபடிதான்.

இந்தச் செயலி மழையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மழை அளவு திரையில் ஒரு நீலப் பட்டையாகத் தெரிகிறது, அதோடு சரி. அந்த அளவும் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வானிலை நிலையத்துடையது. கரூவில் கோடை மழை இடிமழையாகத்தான் வரும். ஒரே பண்ணையில் காற்றாலைப் பக்கம் கொட்டித் தீர்க்கும்போது களத்துமேட்டில் புழுதி பறந்துகொண்டிருக்கும். தொலைவிலுள்ள நிலையத்தின் மழையை வைத்துக்கொண்டு எங்கள் முட்டைத்தரையைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

விளைவு எதிர்பார்த்தபடியே அமைந்தது. தொடக்க நாளைத் திருத்தி, முட்டை ஆழத்தில் இருந்த உணரியையே கணக்குக்கு எடுக்கும்படி மாற்றிய பின், செயலி செப்டம்பர் பிற்பகுதியைப் பொரிப்பு வாரமாக அறிவித்தது. கைபேசியில் சிவப்பு எச்சரிக்கையும் தினந்தோறும் வந்தது. பண்ணைக்காரர் மருந்தும் முதுகுத் தெளிப்பானும் எடுத்து வைத்துவிட்டார். தரையில் ஒரு குஞ்சும் இல்லை. கடந்த இலையுதிர் காலத்தில் பூச்சிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அடையாளக் கற்கள் வைத்திருந்த இடத்தில், மண்வெட்டியால் மெல்லச் சீவி, பிறகு கத்தி முனையால் கிளறிப் பார்த்தோம். நுரை உறைந்து பஞ்சுபோல் ஆன அடைப்பு முதலில் தென்பட்டது. அதன் கீழே, சற்றே வளைந்த கூட்டுக்குள் சில பத்து முட்டைகள், அரிசி மணிகளை அடுக்கியதுபோல் சாய்வாக நின்றன. தோல் சுருங்கி, பக்கவாட்டில் குழிந்து, விரலில் எடுத்தால் உலர்ந்து நகர்ந்தன. நசுக்கினால் உள்ளே ஈரம் இருந்தது, உயிர் போகவில்லை. இரண்டை அளவாக வெட்டிக் கைக்கண்ணாடியில் பார்த்தபோது, வளர்ந்த கருவுக்கு உரிய கண்புள்ளி இன்னும் தெரியவில்லை. செயலியின் கணக்குப்படி அன்று தொகை நிறைவாகிவிட்டிருந்தது.

மழை அக்டோபர் இறுதியில்தான் வந்தது. முட்டைத்தரைக்குப் பக்கத்திலேயே நட்டிருந்த சாதாரண நெகிழி மழைமானியில் போதிய அளவு சேர்ந்த சில நாட்களில் மறுபடி தோண்டினோம். அதே கூட்டு முட்டைகள் இப்போது தோல் விறைத்து, உப்பி, பருத்திருந்தன. அடுத்த முறை கண்புள்ளிகள் கருமையாகத் தெரிந்தன. அதன்பின் பொரிப்பதற்கு அதிக நாள் ஆகவில்லை. முதலில் வெளிவந்தவை குதிரைமசால் வயலின் வரப்போரத்துக் குஞ்சுகள். பாசன நீர் கசியும் இடம் அது. மழைக்கு முன்பே அங்கே மண் நனைந்திருந்தது. இதைப் பார்த்த பிறகு பண்ணைக்காரர் செயலியின் எச்சரிக்கைகளை அணைத்துவிட்டார். அது முழு நியாயம் அன்று என்றே நான் சொல்வேன். மழைக்குப் பின் எத்தனை நாளில் பொரிக்கும் என்பதை நிர்ணயிப்பது அப்போதைய மண் வெப்பம்தான். மழை விழுந்து மண் நனைந்த நாளைத் தொடக்க நாளாகக் கையால் மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, கருவியின் வெப்பப் பதிவு நல்ல பயன் தந்தது. வெயில் ஏறிய வடக்குச் சரிவில் பொரிப்பு முந்தியதும் தெற்குச் சரிவில் பிந்தியதும் பதிவில் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் அந்த மாற்றத்தை நான் செய்ய வேண்டியிருந்தது. சந்தா வாங்கிக்கொள்ளும் சேவை செய்யவில்லை.

விலையோடு ஒப்பிட்டால் என்ன மாற்று இருக்கிறது என்று கேட்கலாம். ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தும் தெர்மோக்ரான் ஐபட்டன் என்னும் பொத்தான் வடிவப் பதிவி ஒன்று உண்டு. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய எஃகு வில்லை. அதன் அடிப்படை மாதிரி அரை டிகிரி நுணுக்கத்தில் 2048 அளவுகளைச் சேமிக்கும். மணிக்கொரு முறை அளந்தால் 85 நாளில் நிரம்பிவிடும். இரண்டு மணிக்கொரு முறை என்றால் 170 நாள், அதாவது மே முதல் தேதியிலிருந்து அக்டோபர் நடு வரை. ஈரத்தெறிப்பைத் தாங்குமே தவிர, மாதக்கணக்கில் நனைந்த மண்ணில் கிடக்க வேண்டுமானால் ரப்பர்ப் பூச்சு போட்டே புதைக்க வேண்டும். தரவு கைபேசிக்குத் தானாக வராது. தோண்டி எடுத்து, கணினியில் இணைத்து, கூட்டலை நாமே விரிதாளில் செய்ய வேண்டும். பொறுமையும் கணக்கில் சற்றுப் பழக்கமும் உள்ளவருக்கு அது போதும். ஒரு கருவியின் விலைக்குப் பல வில்லைகளைப் பல சரிவுகளில் புதைக்கலாம் என்பது பெரிய ஆதாயம். கரூ நிலத்தில் ஓர் இடத்தின் வெப்பம் பண்ணை முழுமைக்கும் பொருந்தாது. நேரமில்லாதவருக்கும், முட்டைத்தரை வீட்டிலிருந்து வெகுதொலைவில் இருப்பவருக்கும், கைபேசியில் தானே வந்து நிற்கும் பதிவு மதிப்புள்ளது. ஆனால் சிம் அட்டைக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டில்தான் பெட்டியை வைக்க முடியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எந்தக் கருவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 1983-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் வேளாண் பூச்சிகள் சட்டப்படி, நிலத்தில் வெட்டுக்கிளி தென்பட்டால் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது நிலம் வைத்திருப்பவரின் கடமை. செயலியில் ‘புகார் அனுப்பு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது நிறுவனத்தின் சொந்தத் தரவுத்தளத்துக்கே போகிறது, அரசுக்கு அன்று. இந்தப் பொத்தானை அழுத்தியதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

இந்தக் கருவியை நான் வைத்திருக்கும் செய்தி அறிந்து, குவாசுலு-நேட்டாலின் வடக்குக் கடற்கரையில் கரும்பு வைத்திருக்கும் என் பெரியப்பா தொலைபேசியில் அழைத்து, “தம்பி, நம்ம கரும்புக்கும் ஒன்னு வாங்கிப் போட்டுடலாமா?” என்று கேட்டார். 1930-களில் நேட்டாலைச் சூறையாடிய வெட்டுக்கிளிக் கூட்டங்களைப் பற்றித் தம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். வேண்டாம் என்றேன். அன்று வந்ததும் இன்றும் குவாசுலு-நேட்டாலின் கரும்பில் அவ்வப்போது தலைகாட்டுவதும் செவ்வெட்டுக்கிளி. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. மழையில்லாத குளிர்மாதங்களை அது முட்டையாகக் கழிப்பதில்லை, சிறகு முளைத்த முழுப்பூச்சியாகவே, இனப்பெருக்கத்தை நிறுத்திவைத்துக் கழிக்கிறது. மழைக்காலம் தொடங்கிய பிறகே முட்டையிடுகிறது. ஜூலையில் மண்ணுக்குள் உணரியைப் புதைத்துவைத்தால் அங்கே அளப்பதற்கு முட்டையே இருக்காது. அவர் செய்யக்கூடியது, குளிர்மாதங்களில் உயரமான புல்லிலும் கரும்பிலும் அடையும் பூச்சிகளைக் கண்ணால் பார்த்து எண்ணுவதுதான். விற்பனையாளரின் விளம்பரத்தில் கரும்புத் தோட்டத்தின் படமும் இருக்கிறது என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

ஆகவே யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், முட்டைத்தரை எது என்று ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பவரும், அதன் அருகில் சொந்தமாக மழைமானி நட்டு நாள்தோறும் பார்க்கக்கூடியவரும், செயலி சொல்லும் தேதியை ஒதுக்கிவிட்டு அதன் வெப்பப் பதிவை மட்டும் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவரும் வாங்கலாம். பெட்டியைத் திறந்து, நட்டுவிட்டு, கைபேசி சொல்லும் நாளில் மருந்தோடு போகலாம் என்று நினைப்பவர் வாங்க வேண்டாம். நிறுவனம் செய்ய வேண்டியது அதிகம் இல்லை: பதிவுச்சாதனத்தில் மழைமானியை இணைக்க ஒரு துளையும், 5 செ.மீ. ஆழத்தில் மண்ணின் ஈரத்தை அளக்கும் ஓர் உணரியும் கொடுத்து, ஈரம் போதிய அளவை எட்டிய மணியிலிருந்து வெப்பக் கூட்டலைத் தொடங்கச் செய்தால், இதே பெட்டி கரூவில் உண்மையாகவே உதவும். அதை எழுதி அனுப்பியிருக்கிறேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்திருக்கிறது. சந்தா மே மாதம் முடிகிறது. அதற்குள் ஈர உணரி வராவிட்டால் சந்தாவைப் புதுப்பிக்காமல், பெட்டியின் நினைவகத்திலிருந்து தரவை நேரே கணினிக்கு எடுத்துக்கொள்வதாக இருக்கிறோம்; அந்த வசதிக்குத் தனிக்கட்டணம் இல்லை என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.